அளந்து பார்த்த வைத்தியர் றொபேட் கொக்

உங்கள் குசினியில் மீன் வெட்டிய பலகையை இன்று எப்படிக் கழுவினீர்கள்? தண்ணீரை ஊற்றி ஒருமுறை துடைத்து, கடையில் வாங்கிய தொற்றுநீக்கியில் சில துளிகளைத் தெளித்து, அதன் நெடி மூக்கில் ஏறியதும் இனிப் பயமில்லை என்று நிம்மதி அடைந்திருப்பீர்கள். நம்மிற் பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறோம். நெடி இருக்கும் இடத்தில் கிருமி இராது என்பது நமது நம்பிக்கை.

இந்த நம்பிக்கை புதிதன்று. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஐரோப்பாவின் பேர்பெற்ற வைத்தியசாலைகளிலும் இதே நம்பிக்கைதான் குடிகொண்டிருந்தது. அதைச் சோதித்துப் பார்க்காமல் ஏற்க மாட்டேன் என்று நின்றவர் ஒரு ஜேர்மன் வைத்தியர். கசநோய்க் கிருமியைக் கண்டறிந்தவர் என்று பாடப்புத்தகத்தில் நீங்கள் படித்த அதே றொபேட் கொக்தான் அவர். அவரது வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

சுரங்க ஊரின் பிள்ளை

ஜேர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியில் கிளவுஸ்தால் என்று ஓர் ஊர் உண்டு. வெள்ளியும் ஈயமும் தோண்டி எடுத்த சுரங்க ஊர் அது. அங்கே 1843ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் றொபேட் கொக் பிறந்தார். தந்தையார் சுரங்கத்தில் உத்தியோகம் பார்த்தவர். பதின்மூன்று பிள்ளைகளில் இவர் மூன்றாமவர். ஐந்து வயதிலேயே பத்திரிகைகளை வைத்துக்கொண்டு தாமாகவே வாசிக்கப் பழகிப் பெற்றோரை வியக்கவைத்தார் என்று சொல்வார்கள்.

1862ஆம் ஆண்டு கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, 1866இல் வைத்தியப் பட்டம் பெற்றார். தூர தேசங்களுக்குக் கப்பலேற வேண்டும் என்பது அவரது இளமைக் கனவு. ஆனால் எம்மி என்ற பெண்ணை மணந்து, ஒரு மகளுக்குத் தந்தையாகி, ஊர் ஊராக வைத்தியம் பார்த்து, பிரான்சுடன் நடந்த போரிலும் சேவை செய்து, 1872இல் வொல்ஸ்ரைன் என்ற சிறு பட்டினத்தின் மாவட்ட வைத்திய அதிகாரியானார். இன்று அது போலந்து நாட்டில் இருக்கிறது.

அங்கே அவருக்கு ஆய்வுகூடம் இல்லை. உதவியாளர் இல்லை. பெரிய நூலகமும் இல்லை. மனைவி பிறந்தநாட் பரிசாகக் கொடுத்த ஒரு நுணுக்குக்காட்டி மாத்திரம் இருந்தது. நோயாளரைப் பார்க்கும் அறையின் ஒரு பகுதியைத் திரையால் மறைத்து, அதன் பின்னால் அவர் தமது ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

சாகாத வித்து

அந்தப் பகுதியிலே ஆடுமாடுகளை அந்திராக்ஸ் எனப்படும் அடைப்பான் நோய் கூட்டங்கூட்டமாகக் கொன்றுகொண்டிருந்தது. நோய்கண்ட மிருகத்தின் இரத்தத்தில் கோல் வடிவான நுண்ணுயிர்கள் இருப்பதை வேறு சிலர் ஏற்கெனவே கண்டிருந்தார்கள். ஆனால் ஒரு கேள்விக்கு எவராலும் விடை கூற முடியவில்லை. நோயுற்ற மந்தை போய்ப் பல வருடங்கள் ஆனபின்பும் அதே புற்றரையில் மேயும் புதிய மந்தை ஏன் சாகிறது?

கொக் மரச் சிராய்களைச் சூடாக்கித் தூய்மைப்படுத்தி, அவற்றின் முனையில் இரத்தத்தைத் தோய்த்து எலிகளுக்கு ஏற்றினார். மாட்டுக் கண்ணில் உள்ள நீரை எடுத்து, அதிற் கிருமிகளை வளர்த்தார். மணிக்கணக்காக நுணுக்குக்காட்டியின் முன்னால் அமர்ந்து பார்த்தபோது விடை கிடைத்தது. வசதி குறைந்தபோது அந்தக் கோல்கள் தம்முள்ளே கடினமான, மின்னும் சிறு மணிகளை உண்டாக்கின. அவற்றையே நாம் வித்திகள் என்கிறோம். கிருமி மாண்டாலும் வித்தி மாளாது. மண்ணிலே வருடக்கணக்காகக் கிடந்து, மறுபடி ஓர் உடலுக்குள் போனதும் உயிர்த்தெழும்.

1876இல் இந்தக் கண்டுபிடிப்பைப் பிரெஸ்லௌ நகரப் பேராசிரியர் பேடினண்ட் கோன் அவர்களிடம் செய்து காட்டினார். நாட்டுப்புற வைத்தியரின் பெயர் உலகறியலாயிற்று. 1880இல் பேர்லின் நகரிலிருந்த அரச சுகாதார அலுவலகம் அவரை அழைத்துக்கொண்டது.

இந்த வித்திகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் தொற்றுநீக்கிகளுக்குப் பரீட்சை வைத்தபோது அவர் இவற்றையே பரீட்சைத் தாளாகப் பயன்படுத்தினார்.

உருளைக்கிழங்கும் கடற்பாசியும்

கிருமி செத்ததா இல்லையா என்பதை அறிய வேண்டுமானால், அதனைத் தனியாகப் பிரித்து வளர்க்கத் தெரிந்திருக்க வேண்டும். திரவத்தில் வளர்த்தால் பல இனங்களும் ஒன்றாகக் கலந்துவிடும். அவித்து வெட்டிய உருளைக்கிழங்குத் துண்டின்மேல் வெவ்வேறு நிறப் புள்ளிகள் தோன்றுவதைக் கொக் கவனித்தார். ஒவ்வொரு புள்ளியும் ஒரே இனக் கிருமியின் குடியிருப்பு. திண்மமான பரப்பிலே கிருமிகள் இடம்விட்டு இடம் நகர்ந்து கலப்பதில்லை என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

முதலில் ஜெலற்றினைப் பயன்படுத்தினார். அது வெப்பத்தில் உருகிவிடும். அவரது உதவியாளர்களுள் ஒருவரான வால்தர் ஹெஸ்ஸே என்பவரின் மனைவி பன்னி ஹெஸ்ஸே, பழப்பாகு உறையவைக்கத் தாம் சமையலறையிற் பயன்படுத்திய அகர் என்னும் பொருளைச் சொல்லிக்கொடுத்தார். கிழக்காசியக் கடற்பாசியிலிருந்து கிடைப்பது அது. நமது வீடுகளில் கடற்பாசி காய்ச்சி உறையவிட்டுத் துண்டு போடுகிறோமே, அதே பொருள்தான். உலகத்து ஆய்வுகூடங்கள் எல்லாம் இன்றுவரை கிருமி வளர்ப்பது அதன்மேல்தான்.

பரீட்சைக்கு வந்த மருந்துகள்

இனி 1881ஆம் ஆண்டுக்கு வருவோம். அக்காலத்தில் சத்திரசிகிச்சை உலகின் பெரிய பெயர் யோசேப்பு லிஸ்ரர். காயத்திலே கிருமி சேராமல் காபோலிக் அமிலத்தைப் பயன்படுத்தி ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றியவர். அவரைப் பின்பற்றிய வைத்தியர்கள் தங்கள் கைகளையும் கருவிகளையும் காபோலிக் எண்ணெயிலே தோய்த்தார்கள். சத்திரசிகிச்சை அறையின் காற்றிலும் காபோலிக் நீரைத் தூவினார்கள். தொற்றுநோய் வந்த வீடுகளிலே கதவுகளைச் சாத்திக் கந்தகப் புகை போட்டார்கள். எங்கும் நெடி. எங்கும் நம்பிக்கை.

கொக் செய்தது மிக எளிய காரியம். பட்டு நூலைச் சிறு துண்டுகளாக வெட்டி, அந்திராக்ஸ் வித்திகள் உள்ள நீரில் நனைத்து உலர்த்தினார். அந்நூல்களை ஒவ்வொரு மருந்திலும் குறித்த நேரம் ஊறவைத்து, வெளியே எடுத்து, கிருமி வளரும் உணவின்மேல் வைத்தார். முளைத்தால் மருந்து தோற்றது. முளைக்காவிட்டால் வென்றது. மருந்தின் பெயரையோ அதைச் சிபாரிசு செய்தவரின் புகழையோ அவர் கணக்கில் எடுக்கவில்லை.

முடிவுகள் பலரை அதிரவைத்தன. நீரிற் கரைத்த 5 வீதக் காபோலிக் அமிலம் வித்திகளைக் கொல்ல ஒரு நாளுக்கு மேல் எடுத்தது. அதே அமிலத்தை எண்ணெயிலோ சாராயத்திலோ கரைத்தபோது, வாரக்கணக்காக ஊறியும் வித்திகள் உயிரோடு இருந்தன. எத்தனையோ வைத்தியர்கள் கையைத் தோய்த்த அந்தக் காபோலிக் எண்ணெய், வித்திகளைப் பொறுத்தவரை வெறும் எண்ணெய்தான். கந்தகப் புகையும் நம்பத்தகாதது என்று கண்டார்.

எண்ணெயில் ஏன் மருந்து பலிக்கவில்லை? காபோலிக் அமிலத்துக்கு நீரைவிட எண்ணெயில் விருப்பம் அதிகம். எண்ணெயை விட்டு வெளியேறிக் கிருமியிடம் போவதற்கு அது மனங்கொள்வதில்லை. உங்கள் வெட்டுப்பலகையிற் படிந்திருக்கும் கொழுப்பை எண்ணிப்பாருங்கள். அந்தப் படிவு கிருமிக்கு ஒரு போர்வை. மருந்து அதைக் கடந்து உள்ளே போவதற்கு முன்னரே தன் பலத்தை இழந்துவிடுகிறது.

இன்னொரு பேருண்மையையும் அவர் அப்போது எடுத்துக்காட்டினார். கிருமியை வளரவிடாமல் தடுப்பது வேறு, கொல்வது வேறு. மருந்து இருக்கும்வரை அடங்கிக் கிடக்கும் கிருமி, மருந்து போனதும் தலைதூக்கும்.

வெப்பத்தையும் அவரது குழுவினர் சோதித்தார்கள். உலர்ந்த சூட்டில் வித்திகளைக் கொல்ல 140 பாகை வெப்பம் மூன்று மணி நேரம் வேண்டியிருந்தது. கொதிநீரின் ஆவியோ 100 பாகையிலேயே சில நிமிடங்களில் அதைச் செய்து முடித்தது. வைத்தியசாலைகளில் ஆவியாற் கருவிகளைத் தூய்மைப்படுத்தும் வழக்கத்துக்கு இந்தப் பரிசோதனைகள் வழிகோலின.

பரீட்சித்தவருக்கும் பரீட்சை

அந்தப் பரீட்சையில் முதலிடம் பெற்றது எது தெரியுமா? நம் நாட்டு வைத்தியர்கள் சவ்வீரம் என்று சொல்லும் கொடிய இரச உப்பு. ஆயிரத்தில் ஒரு பங்கு கரைத்தாலே போதும், சில நிமிடங்களில் வித்திகள் முளைக்காமற் போயின. உலகெங்கும் வைத்தியர்கள் அதனிடம் திரும்பினார்கள்.

ஆனால் 1889இல் கெப்பேட் என்ற ஜேர்மன் ஆராய்ச்சியாளர் ஒரு சந்தேகத்தை எழுப்பினார். வித்தியின்மேல் இரசம் ஒட்டிக்கொண்டிருப்பதால் மாத்திரம் அது முளைக்காமல் இருக்கலாம் அல்லவா? இரசத்தைச் செயலிழக்கச் செய்யும் வேறொரு இரசாயனத்தை இட்டுப் பார்த்தார். செத்ததாக எண்ணப்பட்ட பல வித்திகள் முளைத்தன. கொல்வதும் தடுப்பதும் வேறு என்று உலகுக்குக் கற்பித்தவரே, அந்த வேறுபாட்டை முழுமையாகப் பிரித்தறியத் தவறியிருந்தார். அதனால்தான் இன்று எந்தத் தொற்றுநீக்கியைச் சோதித்தாலும், குறித்த நேரம் முடிந்தவுடன் அதன் பலத்தை முதலில் முறித்துவிட்டே எஞ்சிய கிருமியை எண்ணுகிறார்கள்.

கசநோயும் வாந்திபேதியும்

1882 மார்ச் 24ஆம் நாள் பேர்லினில் ஒரு சிறு கூட்டத்தில், கசநோயை உண்டாக்கும் கிருமியைத் தாம் கண்டறிந்துவிட்டதாகக் கொக் அறிவித்தார். பரம்பரை வியாதி என்று பலர் எண்ணியிருந்த நோய், தொற்று நோய் என்று நிரூபணமாயிற்று. அந்த நாளையே இன்று உலக கசநோய் தினமாகக் கொண்டாடுகிறோம்.

அடுத்த ஆண்டு வாந்திபேதியைத் தேடி எகிப்துக்கும், அங்கிருந்து கல்கத்தாவுக்கும் சென்றார். இளமையிற் கண்ட கப்பற் கனவு நாற்பதாவது வயதில் நிறைவேறியது. கல்கத்தாவின் புறநகர்க் குளமொன்றிலே மக்கள் குளித்தார்கள், துணி துவைத்தார்கள், அதையே மொண்டு குடித்தார்கள். அந்தக் குளத்து நீரிலேயே கால்புள்ளி போல வளைந்த கிருமியைக் கண்டார். இத்தாலியரான பாச்சினி 1854இலேயே அதனைக் கண்டிருந்தபோதிலும் உலகம் அவருக்குச் செவிகொடுக்கவில்லை. கொக் அதனைத் தனியே வளர்த்துக் காட்டினார். இந்தக் கிருமி ஈரத்தில் செழிக்கும், நன்றாக உலரவிட்டால் சில மணி நேரத்தில் மாண்டுவிடும் என்பதும் அவர் கண்டதே. சூரியனும் காற்றும் படும்படி பலகையை நிமிர்த்தி வைத்த நமது ஆச்சிமாரின் வழக்கத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

1892இல் ஹம்பேர்க் நகரில் வாந்திபேதி 8,600 பேர் வரையில் உயிரைக் குடித்தது. எல்பே ஆற்று நீரை அந்நகரம் வடிக்காமலே விநியோகித்துவந்தது. அடுத்திருந்த அல்ரோனா நகரமோ அதே ஆற்றில், ஹம்பேர்க்கின் கழிவுகள் கலந்த பின்னர் நீரை எடுத்தது. ஆயினும் மணலில் வடித்தே கொடுத்தது. இரு நகரங்களின் எல்லைத் தெருவில் ஒரு பக்கத்து வீடுகளில் மரணம், மறுபக்கத்து வீடுகளில் நலம். வடித்த நீரில் ஒரு கன சதம மீற்றருக்கு நூறு கிருமிகளுக்கு மேல் இருக்கலாகாது என்று கொக் ஓர் அளவு வகுத்தார். சுத்தம் என்ற சொல்லுக்கு இலக்கத்தால் வரம்பு கட்டப்பட்டது.

தன் மருந்தை அளக்காத நாள்

வாசகரே, இத்தனை பெருமைகளைச் சொன்னபின் ஒரு வருத்தமான கதையையும் சொல்லவேண்டும். அதை மறைத்தால் இந்த வாழ்க்கை தரும் பாடம் பாதிதான்.

1890 ஆகஸ்ட் மாதம் பேர்லினில் சர்வதேச வைத்திய மாநாடு கூடியது. அங்கே கசநோயை அடக்கவல்ல ஒரு பொருளைத் தாம் கண்டுவிட்டதாகக் கொக் தெரிவித்தார். சில மாதங்களில் அது ரியூபேர்க்குலின் என்ற பெயரில் வெளிவந்தது. என்னென்ன சேர்ந்தது என்பதை அவர் உடனே வெளியிடவில்லை. நோயாளர்கள் ஆயிரக்கணக்கில் பேர்லினுக்கு ஓடிவந்தார்கள். கடைசி மூச்சில் கிடந்தவர்களையும் இரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். 1891 தொடக்கத்தில், ஊசி ஏற்றப்பட்டு இறந்தவர்களின் உடல்களை அறுத்துப் பார்த்த பேராசிரியர் வேர்க்கோவ், மருந்து நோயைக் குணமாக்காததோடு சிலருக்கு நோயைப் பரப்பியும் விட்டதாகக் காட்டினார். நம்பி வந்தவர்களின் நம்பிக்கை மண்ணாயிற்று.

பட்டு நூலை வைத்துப் பிறர் மருந்துகளையெல்லாம் கண்டிப்பாக அளந்தவர், தமது மருந்தை அதே கண்டிப்போடு அளக்கவில்லை. அவசரமும் புகழும் அரசாங்கத்தின் நெருக்குதலும் அவரது கையிலிருந்த தராசைத் தட்டிவிட்டன என்றே கொள்ளவேண்டும்.

அதே பேர்லின் மாநாட்டில் வேறொன்றும் நடந்தது. முதிர்ந்த வயதிலிருந்த லிஸ்ரர் எழுந்து, காற்றிலே காபோலிக் தூவும் முறையைத் தாம் முன்னர் சிபாரிசு செய்ததற்காக வெட்கப்படுவதாக எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார். ஒரே மண்டபத்தில் ஒருவர் தமது பழைய தவற்றை இறக்கி வைத்தார். மற்றவர் புதிய தவறொன்றைத் தோளில் ஏற்றினார். இருவரும் மாமேதைகளே.

கொக் இன்னும் ஒருமுறை தவறினார். 1901இல் இலண்டனில், மாட்டுக் கசநோய் மனிதருக்குத் தொற்றுவது மிக அபூர்வம், ஆதலால் பாலைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை என்ற கருத்தை வெளியிட்டார். பிரித்தானிய அரசு அமைத்த ஆணைக்குழு பத்தாண்டுகள் ஆராய்ந்து, பாலின் வழியாகக் குழந்தைகளுக்கு அந்நோய் வருகிறது என்பதை நிலைநாட்டியது. ஆனால் ரியூபேர்க்குலின் வீண்போகவில்லை. மருந்தாகத் தோற்ற அது, கசநோய்த் தொற்று உள்ள மாட்டையும் மனிதரையும் கண்டுபிடிக்கும் சோதனையாக இன்றும் பயன்படுகிறது.

1905இல் கசநோய் ஆராய்ச்சிக்காக அவருக்கு நொபெல் பரிசு வழங்கப்பட்டது. 1910 மே 27ஆம் நாள், பாடன்-பாடன் நகரில் இருதய நோயினால் அவர் காலமானார். அவரது அஸ்தி பேர்லினில் அவர் நடத்திய ஆராய்ச்சி நிலையத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது.

நூலிலிருந்து உருக்குத் தட்டுக்கு

அந்தப் பட்டு நூல் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அது இன்று துருப்பிடியா உருக்குத் தட்டாக மாறியிருக்கிறது. இறைச்சியும் மீனும் பாலும் பதனிடும் தொழிற்சாலைகளின் மேசைகளுக்கென விற்கப்படும் தொற்றுநீக்கிகளை ஐரோப்பாவில் இப்படித்தான் சோதிக்கிறார்கள். சிறு உருக்குத் தட்டிலே கிருமிகளை உலரவிட்டு, மருந்தை ஊற்றி, ஐந்து நிமிடம் போன்ற குறித்த நேரம் விட்டு, மருந்தின் பலத்தை முறித்து, எஞ்சியதை எண்ணுகிறார்கள். பத்தாயிரம் பற்றீரியாவில் ஒன்றுக்கு மேல் எஞ்சினால் அந்த மருந்து தேறவில்லை. புரதக் கழிவு குறைந்த நிலையிலும் கூடிய நிலையிலும் மருந்து எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிறார்கள். சுத்தமான தட்டில் வென்ற மருந்து அழுக்குத் தட்டில் தோற்றுப்போவது சாதாரணம்.

குளோரின் இதற்கு நல்ல உதாரணம். வெளிற்றும் தூளிலிருந்து வரும் குளோரின் வலிய கிருமிக்கொல்லி. ஆனால் அது கிருமியையும் மீன் இரத்தத்தையும் பேதம் பார்ப்பதில்லை. இரத்தமும் சளியும் கொழுப்பும் மிஞ்சியிருந்தால் அவற்றோடு தாக்கமுற்றே தீர்ந்துவிடும். மேலும், பல நாள் சரியாகத் தேய்க்கப்படாத பரப்பிலே கிருமிகள் ஒன்றுகூடிப் பசைபோன்ற ஒரு படலத்தை அமைத்து அதனுள்ளே வாழ்கின்றன. குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் பெருகவல்ல லிஸ்தீரியா என்ற கிருமி, தொழிற்சாலைகளில் நிலைத்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படலத்தைத் தேய்த்து அகற்றாமல் மேலே மருந்தை ஊற்றினால், மேலே உள்ளவை சாகும், அடியில் உள்ளவை பிழைக்கும்.

ஆகவே, வாசகரே, நாளை மீன் பலகையைக் கையில் எடுக்கும்போது இந்த வைத்தியரை ஒருகணம் நினையுங்கள். முதலிற் சவர்க்காரமும் நீரும் இட்டுக் கொழுப்புப் போகத் தேயுங்கள். நீரால் அலசுங்கள். அதன்பின் மருந்தைப் போத்தலிற் சொன்ன அளவில் கரைத்து ஊற்றுங்கள். உடனே துடைக்காமல் அதிலே சொன்ன நேரம் பொறுத்திருங்கள். பிறகு அலசி, வெயிலில் உலரவிடுங்கள். இந்த ஒழுங்கு மாறினால் காசு செலவாகும், நெடியும் வரும், கிருமியும் இருக்கும்.

பிறருடைய மருந்தை அளக்கும் தராசு நம்மிடம் எப்போதும் உண்டு. அதே தராசிலே நம்முடைய மருந்தையும் வைக்கத் துணிவதுதான் கடினம். கொக் என்ற மேதைக்கே அது ஒருநாள் கடினமாயிற்று. நாம் செய்தது பலித்திருக்கும் என்று நம்புவதற்கு முன்னர், பலித்ததா என்று பார்க்கப் பழகுவோம். நம் வீட்டுக் குழந்தையின் சோற்றுத் தட்டு அந்தப் பலகைக்குப் பக்கத்திலேதான் இருக்கிறது.